கண்ணாடி வீட்டு விருந்தாளி

பெங்களூரிலிருந்து வந்த என் மகள் போகும்போது ஓர் ஆர்க்கிட் தொட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாள். ஊதா நிறத்தில் ஆறு பூக்கள். மெழுகில் செய்து வைத்தாற்போல் இரண்டு மாதம் வாடாமல் இருந்தன. கூடத்து ஜன்னலருகே அதற்கு ஒரு முக்காலி போட்டோம். வீட்டுக்கு வருகிறவர்கள் என்னை விசாரிப்பதற்கு முன் அதை விசாரித்தார்கள். அந்த அவமானத்தைக்கூடப் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் காலையில் காப்பியும் பத்திரிகையுமாக உட்கார்ந்திருக்கையில், "இங்கே வாருங்களேன், இலைக்கு அடியில் தலையணைப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது" என்றாள் என் மனைவி. மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். பஞ்சு மெள்ள நகர்ந்தது.

தெருக்கோடி நர்சரிக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மாவுப் பூச்சிங்கய்யா. புகையிலையை ராத்திரி தண்ணியில ஊறப் போடுங்க. காலையில வடிகட்டி, கொஞ்சம் சோப்புத் தண்ணி கலந்து தெளிங்க. எங்கப்பா காலத்து வைத்தியம்."

அவருடைய அப்பா காலத்து வைத்தியம் மட்டுமல்ல அது என்பது பிறகு புத்தகங்களைப் புரட்டியபோதுதான் தெரிந்தது. விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்துப் பிரபுக்களின் கண்ணாடி வீடுகளிலும் இதே புகையிலை, இதே சோப்பு, இதே பஞ்சுப் பூச்சிதான். உலகத்தில் எவ்வளவோ யுத்தங்களுக்குச் சரித்திரம் எழுதியிருக்கிறார்கள். இலைக்கு அடியில் நடந்த இந்த யுத்தத்துக்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதை விசாரிக்கப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம். ஆர்க்கிடைப் பிடிக்கும் பூச்சிகளில் இரண்டு நெருங்கிய உறவினர்கள் முக்கியமானவர்கள். ஒன்று, மாவைப் புரட்டிக்கொண்டதுபோல் வெள்ளையாக இருக்கும் மாவுப் பூச்சி. மற்றொன்று செதில் பூச்சி. செதில் பூச்சியைப் பார்த்தால் பூச்சி என்றே சொல்ல மாட்டீர்கள்; இலைமேல் ஒரு புள்ளி, ஒரு சிறு வடு, அவ்வளவுதான். முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்கு ஆறு கால்கள் உண்டு. ஒரு நாள், இரண்டு நாள் அங்குமிங்கும் ஓடித் திரியும். இடம் பிடித்தவுடன் ஊசி போன்ற வாயை இலைக்குள் இறக்கும். பெண்ணாக இருந்தால், கேடயம் போட்ட செதில் வகையில், அதோடு கால்கள் போய்விடும். மெழுகால் ஒரு மூடியைக் கட்டிக்கொண்டு, சாகும்வரை அந்த இடத்தை விட்டு அசையாமல் சாற்றை உறிஞ்சிக்கொண்டு, மூடிக்குள்ளேயே முட்டை இட்டு முடித்துவிடும். ஆணுக்குச் சிறகு முளைக்கும். ஆனால் வாய் கிடையாது. சாப்பிடாமல் பறந்து, பெண்ணைத் தேடிக் கண்டு, ஓரிரு நாளில் செத்துப்போகும். நாவலாசிரியர்கள் யாரும் இதைக் கதையாக எழுதவில்லையே என்று எனக்கு ஆச்சரியம்.

ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் மிகவும் அஞ்சும் செதிலுக்கு ஒரு பிரெஞ்சு வைத்தியரின் பெயர் வைத்திருக்கிறார்கள். புவாதுவால் என்பவர் பட்டாம்பூச்சிகளில் பெரிய நிபுணர். தோட்டப் பூச்சிகளைப் பற்றி 1867-ல் ஒரு புத்தகம் எழுதினார். இரண்டு வருஷம் கழித்து சின்யோரே என்ற பூச்சி சாஸ்திரி இந்தச் செதிலை வர்ணித்து, அவருக்கு மரியாதையாக அவர் பெயரைச் சூட்டினார். இன்றுவரை உலகமெங்கும் ஆர்க்கிட் பிரியர்கள் அந்தப் பெயரைச் சொல்லித் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். சில மரியாதைகள் இல்லாமலே இருக்கலாம்.

சரி, இந்தப் பூச்சி சீமைக்கு எப்படிப் போயிற்று?

ஆர்க்கிட் மோகம் இங்கிலாந்தில் பிடித்ததற்கு ஒரு கதை உண்டு. வில்லியம் காட்லி என்ற வியாபாரிக்குப் பிரேஸிலிலிருந்து செடிகள் வந்தன. பெட்டிக்குள் மற்றச் செடிகள் அசையாதிருக்க அடைத்து வைத்த சருகுபோன்ற குப்பையை அவர் சும்மா நட்டுப் பார்த்தார். 1818 நவம்பரில் அதில் அற்புதமான ஒரு பூ மலர்ந்தது என்பார்கள். கதை எழுதுகிறவன் என்ற முறையில் இதை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆனால் உண்மை அவ்வளவு நாடகமானதல்ல. ஸ்வைன்சன் என்ற இயற்கை ஆராய்ச்சியாளர் செடி என்று தெரிந்தே அனுப்பியவை அவை. பூ மலர்ந்தது மட்டும் நிஜம். 1821-ல் தாவர சாஸ்திரி லிண்ட்லி அதற்கு 'காட்லேயா' என்று பெயரிட்டார்.

அதன்பின் பிரபுக்களுக்குப் பைத்தியம் பிடித்தது. டெவன்ஷயர் பிரபு 1833-ல் ஒரு கண்காட்சியில் பட்டாம்பூச்சி போன்ற ஆர்க்கிட் ஒன்றைக் கண்டு மயங்கினார். தம் தோட்டத்து ஆள் கிப்ஸனைக் கப்பலேற்றி நம் அஸ்ஸாம் பக்கத்துக் காசி மலைவரை அனுப்பினார். பேட்மன் என்பவர் மெக்ஸிகோ, குவாதமாலா நாட்டு ஆர்க்கிடுகளைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். மொத்தம் 125 பிரதிகள்தான். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு ஆள் தூக்க முடியாத கனம். குரூக்ஷாங்க் என்ற கேலிச் சித்திரக்காரர், கப்பி போட்டுக் கயிறு கட்டி அந்தப் புத்தகத்தைத் தூக்க ஒரு கூட்டமே திண்டாடுவதாக அந்தப் புத்தகத்திலேயே படம் போட்டுக் கொடுத்தார். அதை அனுமதித்த பேட்மனை எனக்குப் பிடிக்கிறது.

1845-ல் கண்ணாடிக்கு இருந்த வரி நீங்கியது. பிரபுக்களிடம் மட்டும் இருந்த கண்ணாடி வீடு பருத்தி ஆலை முதலாளிகளுக்கும் பாங்கி முதலாளிகளுக்கும் வந்தது. லண்டனில் ஸ்டீவன்ஸ் ஏலக் கூடத்தில் கப்பலிலிருந்து இறங்கிய செடிகளை மூட்டை மூட்டையாக ஏலம் போட்டார்கள். வேரும் சருகுமாகக் காட்டு மரத்திலிருந்து பிய்த்துக்கொண்டு வந்த மூட்டைகள். அதற்குள் என்ன குடியிருந்தது என்று யார் பார்த்தார்கள்?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடல் கடந்து செடிகள் உயிரோடு வருவதற்கு வழி கண்டவர் லண்டன் டாக்டர் வார்ட். 1829-ல் அவர் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணில் புதைத்துக் கண்ணாடிப் புட்டியில் போட்டு மூடி வைத்தார். பூச்சி எப்போது வெளிவரும் என்று காத்திருந்தவர் கண்ணுக்கு, மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் முளைத்து வருவது தெரிந்தது. வெளியே லண்டன் கரிப்புகையில் எந்தப் பெரணியும் பிழைக்கவில்லை. மூடிய புட்டிக்குள் மட்டும் தழைத்தது. அதிலிருந்து பிறந்ததுதான் 'வார்டு பெட்டி' என்னும் கண்ணாடிப் பெட்டி. 1833-ல் இரண்டு பெட்டிகளைச் செடிகளோடு ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பிப் பரீட்சித்தார். வெற்றி. நம் நீலகிரிக்குச் சிங்கோனாச் செடி வந்ததும் இத்தகைய பெட்டிகளில்தான். பூச்சி வளர்க்க எண்ணிச் செய்த காரியத்தில் செடி வளர்க்கும் பெட்டி கிடைத்தது. செடி வளர்த்த பெட்டியிலோ உலகமெல்லாம் பூச்சியும் பிரயாணம் செய்தது. செடிக்கு இதமான சூடும் ஈரமும் அதன்மேல் இருந்த விருந்தாளிக்கும் இதமாகத்தானே இருக்கும்?

கண்ணாடி வீட்டுக்குள் வந்து சேர்ந்ததும் பூச்சிக்கு யோகம் அடித்தது. குளிர்காலம் கிடையாது. அடித்துக் கழுவும் மழை கிடையாது. எல்லாவற்றையும்விட முக்கியம், ஊரில் அதைத் தின்றுகொண்டிருந்த எதிரிகள் யாரும் கூட வரவில்லை. இந்தக் கடைசி விஷயத்தின் பொருள் தோட்டக்காரர்களுக்கு விளங்க அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

அதுவரை என்ன செய்தார்கள்? பஞ்சு போன்ற கடற்காளானை எடுத்தார்கள், சோப்புத் தண்ணீரில் தோய்த்தார்கள், துடைத்தார்கள். வில்லியம்ஸ் என்ற நிபுணரின் ஆர்க்கிட் கையேடு 1852-ல் முதலில் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. அதுபோன்ற நூல்களில் பூச்சி வைத்தியத்தின் சாரம் இந்தத் துடைப்புத்தான். ஆயிரக்கணக்கான செடிகள், செடிக்குப் பத்து இலை, இலைக்கு இரண்டு பக்கம். தோட்டத்தில் வேலை பழக வந்த பையன்கள் காலையிலிருந்து மாலைவரை துடைத்திருக்கிறார்கள். கண்காட்சியில் பதக்கம் வாங்கியவர் பிரபு. அவர் பெயரைப் பூவுக்கு வைத்தார்கள். துடைத்த பையன்களில் எவன் பெயரையும் எந்தப் பூவுக்கும் வைத்ததாக நான் படிக்கவில்லை.

மற்றொரு ஆயுதம் புகையிலை. காற்றில்லாத ஒரு மாலை வேளையில் கதவு ஜன்னல்களை இறுக மூடி, புகையிலையையோ புகையிலைச் சாற்றில் தோய்த்த காகிதத்தையோ கனிய வைத்துக் கண்ணாடி வீட்டைப் புகையால் நிரப்புவார்கள். அசுவினி மடிந்து விழும். இலைப்பேன் விழும். ஆனால் மெழுகு மூடிக்குள் உட்கார்ந்திருக்கும் செதிலம்மாளுக்குப் புகை போய்ச் சேராது. மலர்ந்த பூக்கள்தான் வாடி உதிரும். நிகோடின் என்னும் அந்த விஷத்தை 1828-லேயே ஜெர்மனியில் இருவர் பிரித்தெடுத்திருந்தார்கள். அது பூச்சிக்கு மட்டும் விஷமல்ல. தோல் வழியாக மனித உடம்பிலும் ஏறும். நர்சரிக்காரரின் கஷாயத்தை நான் வேண்டாமென்று வைத்ததற்கு இதுதான் காரணம்.

சோப்பில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. ஜார்ஜ் வில்ஸன் என்ற ரசாயன நிபுணர் மெழுகுவத்திக் கம்பெனி ஒன்றை நடத்தி வந்தார். கொழுப்பு, எண்ணெய் எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. செடிகளிலும் ஆசை. இரண்டையும் சேர்த்து, கந்தகம் கலந்த ஒரு சோப்பைப் பூச்சி மருந்தாகச் செய்தார். 'கிஷர்ஸ்ட் கலவை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் கண்ணாடி வீடுகளிலெல்லாம் நுழைந்தது. பின்னால் 1878-ல் அவர் விஸ்லி என்ற கிராமத்தில் நிலம் வாங்கித் தோட்டம் போட்டார். 1902-ல் அவர் காலமானதும் ஹான்பரி என்ற தனவந்தர் அதை வாங்கி, அடுத்த ஆண்டு ராயல் தோட்டக்கலைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். விஸ்லி தோட்டம் என்று உலகப் பிரயாணிகள் போய்ப் பார்க்கிறார்களே, அது அதுதான்.

அமெரிக்கர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். கலிபோர்னியாவில் கோகிலட் என்ற ஆராய்ச்சியாளர் 1886-ல் ஆரஞ்சு மரத்தின்மேல் கூடாரம் போட்டு மூடி, உள்ளே ஸயனைடு வாயுவை விட்டுப் பார்த்தார். செதில் பூச்சி மூடியோடு செத்தது. விஷயம் மெதுவாகக் கண்ணாடி வீடுகளுக்கும் பரவியது. ஜாடியில் கந்தக அமிலம். அதில் ஸயனைடுப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடிக் கதவைச் சாத்த வேண்டும். ஒரு பூந்தொட்டிக்காகவா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோப்புக்காரர்களுக்கு அது பூந்தொட்டி விவகாரமல்ல, பிழைப்பு.

அவர்களைப் பிடித்திருந்தது ஆஸ்திரேலியப் பஞ்சுச் செதில். எங்கள் வீட்டுப் பூச்சிக்குத் தூரத்து உறவு. 1868-ஐ ஒட்டிக் கருவேலினச் செடி ஒன்றின்மேல் ஏறிக்கொண்டு கலிபோர்னியா வந்தது. இருபது வருஷத்தில் தோப்புகள் வெள்ளை வெளேரென்று பனி பெய்தாற்போல் ஆயின. சிலர் மரங்களை வெட்டி எரித்தார்கள். அமெரிக்க சர்க்காரின் பூச்சி இலாகாத் தலைவர் ரைலி ஒரு கேள்வி கேட்டார்: இந்தப் பூச்சி ஆஸ்திரேலியாவில் ஏன் இப்படி அட்டகாசம் செய்யவில்லை? அங்கே இதைத் தின்ன யாரோ இருக்க வேண்டும்.

போய்ப் பார்க்கலாம் என்றால், இலாகா உத்தியோகஸ்தர்கள் வெளிநாட்டுப் பிரயாணம் செய்யப் பணமில்லை என்று காங்கிரஸ் தடை போட்டிருந்தது. சர்க்கார் காரியங்கள் எங்கும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. நல்ல வேளையாக 1888-ல் மெல்போர்னில் சர்வதேசப் பொருட்காட்சி ஒன்று நடந்தது. அதற்கு ஒதுக்கிய பணத்தில், பொருட்காட்சிக்குப் போகும் கோஷ்டியோடு சேர்த்து ஆல்பர்ட் கீபலே என்ற ஆளை அனுப்பினார்கள். அவர் பொருட்காட்சியைவிடத் தோட்டங்களைத்தான் அதிகம் பார்த்தார். செதிலைத் தின்னும் ஒரு சிறு ஈயும், கறுப்பும் சிவப்புமான ஒரு பொறிவண்டும் அகப்பட்டன. குன்றிமணியைவிடச் சிறிய வண்டு. கப்பலில் பனிக்கட்டி அறையில் வைத்து அனுப்பினார். 1889 ஜனவரிக்குள் லாஸ் ஏஞ்சல்ஸில் உயிரோடு வந்து சேர்ந்தவை 129. ஸயனைடு வைத்த அதே கோகிலட் இப்போது, கூடாரம் போட்ட ஓர் ஆரஞ்சு மரத்துக்குள் இவற்றை விட்டார். ஏப்ரலில் கூடாரத்தைத் திறந்துவிட்டபோது அந்த மரத்தில் செதில் இல்லை. ஜூன் மாதத்துக்குள் 10,555 வண்டுகளைப் பெட்டி பெட்டியாகத் தோப்புக்காரர்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்தார்கள். இரண்டே வருஷத்தில் பூச்சி அடங்கியது. தோப்புக்காரர்கள் கீபலேக்குத் தங்கக் கடிகாரமும் அவர் மனைவிக்கு வைரத் தோடும் பரிசளித்தார்கள். எனக்கென்னவோ அந்தத் தோடு மிகவும் பிடித்திருக்கிறது. கணவன் பல மாதம் கடல் கடந்து பூச்சி பிடிக்கப் போனதற்கு அந்த அம்மாளுக்கு யாராவது ஏதாவது கொடுக்க வேண்டாமா?

கீபலே அடுத்த பிரயாணத்தில் அனுப்பிய மற்றொரு ஆஸ்திரேலிய வண்டுதான் நம் கதைக்கு முக்கியம். ஆரஞ்சு நிறத் தலை, கறுத்த முதுகு; மாவுப் பூச்சி என்றால் உயிர். ஆர்க்கிட் வளர்க்கும் கண்ணாடி வீடுகளில் இன்றும் விலைக்கு வாங்கி விடுகிறார்கள். அது நம் பக்கமும் வந்திருக்கிறது. நியூபோர்ட் என்ற காப்பித் தோட்டக்காரர் 1898-ல் அதை ஆஸ்திரேலியாவிலிருந்து தென்னிந்தியாவுக்குத் தருவித்தார். காப்பிச் செடியின் பச்சைச் செதிலைத் தின்னும் என்று அவர் நினைத்தார். அது பச்சைச் செதிலைச் சீந்தவில்லை. நியூபோர்ட்டுக்கு நஷ்டம். ஆனால் வண்டு இங்கேயே தங்கிப்போய், பிற்காலத்தில் திராட்சை, எலுமிச்சைத் தோட்டங்களில் மாவுப் பூச்சிக்கு யமனாக ஆயிற்று. நீலகிரியில் 1928-ல் பஞ்சுச் செதில் தலைகாட்டியபோதும் கீபலேயின் முதல் வண்டைத்தான் கலிபோர்னியாவிலிருந்தும் எகிப்திலிருந்தும் வரவழைத்தார்கள்.

இந்தக் குடும்பத்துப் பூச்சியை நம் தமிழ்நாட்டுப் பெரியவர்கள் நன்றி சொல்லி வரவேற்ற சமயமும் உண்டு. சப்பாத்திக் கள்ளிமேல் வெள்ளைப் பஞ்சாக அப்பியிருக்கும். நசுக்கினால் ரத்தம்போல் சிவப்புச் சாயம் வரும். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் டாக்டர் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இந்தச் சாயப் பூச்சிக்காகவே கள்ளித் தோட்டம் போட்டார். 1795-ல் பிரேஸிலிலிருந்து இந்தியாவுக்கு ஒரு பூச்சியும் வந்தது. ஆனால் அது தப்பான பூச்சி, சாயம் மட்டம். வடக்கே ஒரு ஜாதிக் கள்ளியைத் தின்று தீர்த்ததுதான் மிச்சம். பிறகு 1926-ல் இலங்கையிலிருந்து மற்றொரு பூச்சியை வேண்டுமென்றே கொண்டுவந்து விட்டார்கள். திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களில் வயலையும் வழியையும் அடைத்துக் கிடந்த சப்பாத்திக் கள்ளி அதனால் அழிந்தது. ஆர்க்கிடின்மேல் இருந்தால் சத்துரு, கள்ளியின்மேல் இருந்தால் உபகாரி.

இவ்வளவு தெரிந்த பிறகும் மனிதனுக்குப் பொறுமை வரவில்லை. 1939-ல் பால் முல்லர் டி.டி.டி.யின் சக்தியைக் கண்டுபிடித்தார். 1948-ல் நோபல் பரிசு. தெளித்தால் போதும், எல்லாம் சாகும். எல்லாம் என்றால் எல்லாம். கலிபோர்னியாவில் 1946, 1947-ல் ஆரஞ்சுத் தோப்புகளில் டி.டி.டி. தெளித்தபோது பொறிவண்டுகள் செத்தன. அறுபது வருஷமாகக் காணாத பஞ்சுச் செதில் மீண்டும் வெள்ளை வெளேரென்று வந்தது. தெளிப்பதை நிறுத்தி, வண்டுகளை மறுபடி தேடிக் கொண்டுவந்து விட வேண்டியதாயிற்று.

ஆர்க்கிட் செய்த பிராயச்சித்தம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1958-ல் சிலி நாட்டிலிருந்து ஜெர்மனிக்கு வந்த ஆர்க்கிட் செடிகளில், டோஸ்ஸே என்ற ஆராய்ச்சியாளர் கண்ணுக்குத் தெரிவதும் தெரியாததுமான ஒரு செந்நிறச் சிலந்திப்பேனைக் கண்டார். செடியைத் தின்கிற பேன் அல்ல. செடியைத் தின்கிற பேனைத் தின்கிற பேன். அதை வளர்த்துப் பெருக்கி, 1960-களில் இங்கிலாந்திலும் ஹாலந்திலும் வெள்ளரி போட்ட கண்ணாடி வீடுகளில் விட்டார்கள். இன்று உலகமெங்கும் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். நூற்று நாற்பது வருஷமாகப் பூச்சியைச் சுமந்துகொண்டு வந்த ஆர்க்கிட் அந்த ஒரு முறை அதன் வைத்தியனையும் சுமந்து வந்தது.

எங்கள் தொட்டிக்கு வருகிறேன். புகையிலையும் வேண்டாம், ஸயனைடும் வேண்டாம் என்று மருந்துக் கடையில் ஸ்பிரிட் வாங்கினேன். காது குடையும் பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, விக்டோரியா காலத்துப் பையனைப்போல் ஒவ்வோர் இலையாகத் துடைத்தேன். இலைக் கணுவில், பூக்காம்பு முளைக்கும் இடத்தில், தொட்டியின் விளிம்புக்கு அடியில்கூட ஒளிந்திருந்தன. முட்டை பொரித்துக்கொண்டே இருக்குமாதலால் வாரம் ஒரு தடவையாக ஆறு வாரம் துடைக்கும்படி ஆயிற்று. மூன்றாவது வாரம், மற்றவற்றைவிட மூன்று மடங்கு பெரிதாக, வெள்ளை இழைகள் தொங்க, ஒன்று வேகமாக ஓடியது. 'தலைவன் அகப்பட்டான்' என்று துரத்திப் பிடித்து நசுக்கினேன். மனைவியைக் கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டவும் செய்தேன்.

அதன்பின் ஒரு மாதம் கழித்துத்தான் படித்தேன். நியூபோர்ட் கொண்டுவந்த வண்டின் குஞ்சு, தான் தின்னும் மாவுப் பூச்சியைப் போலவே வெள்ளை மெழுகு இழைகளோடு இருக்குமாம். அளவில் பெரிதாக இருக்கும், வேகமாக ஓடும். விவரம் தெரியாத தோட்டக்காரர்கள் பூச்சி என்று எண்ணி அதைத்தான் முதலில் கொல்வார்களாம்.

மனைவியிடம் சொன்னேன். "பால்கனிச் செம்பருத்தியிலும் அதே மாதிரி இரண்டு ஓடுகிறது. அதையாவது விட்டு வையுங்கள்" என்றாள். விட்டு வைத்திருக்கிறேன்.